பாலிகைச் சட்டிக்குள் ஒரு கட்டளை

புரட்டாதி அமாவாசை கழிந்த மறுநாள் மருதானையில் புகையிரதப் பாதையோரத் தமிழ் வீடுகளில் சாமிப்படத்துக்கு முன்னால் ஓர் ஓரம் ஒதுங்கிவிடும். தாம்பாளத்திலோ வாழையிலையிலோ ஆற்றுமணல் பரப்பி, அதில் நவதானியம் தூவி, நடுவில் கும்பம் வைப்பார்கள். நவராத்திரி தொடங்கிவிட்டது. காலையும் மாலையும் மணலில் ஒரு கை தண்ணீர் தெளிப்பார்கள். மூன்றாம் நாள் பயறு வாய் பிளக்கும். நெல் கொஞ்சம் நெஞ்சழுத்தம் கொண்டது. அதற்கு இன்னும் ஒருநாள் போகவேண்டும். விஜயதசமி வரும்போது கும்பத்தைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு முளை எழுந்து நிற்கும். வெயில் படாத அறை என்பதால் பச்சை இல்லை, வெளிர்மஞ்சள். "இந்த வருசம் நல்லா வந்திருக்கு" என்று வீட்டிலுள்ள பெரியவர் சொன்னால் வீடே ஒரு பெருமூச்சு விடும்.

வெள்ளவத்தைத் திருமண மண்டபங்களில் இதே காட்சி வேறு வேடத்தில் வரும். அங்கே பெயர் முளைப்பாலிகை. சிறு மண்சட்டிகளில் சுமங்கலிப் பெண்கள் ஆளுக்கு மூன்று முறை, பாலும் நீரும் தெளித்து, ஊறிய தானியத்தை இடுவார்கள். கோவில் திருவிழாவின் கொடியேற்றத்துக்கு முந்திய கிரியை அங்குரார்ப்பணம், அதுவும் முளையிடுதலே. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் தலையில் சுமந்து வரும் முளைப்பாரியும் இதன் உறவு. கண்ணகி–கோவலன் திருமணத்தைச் சொல்லும் இடத்தில் பாலிகை ஏந்திய மகளிரைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆகவே ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குக் குறையாமல் தமிழ் வீடுகள் தானியத்தை முளைக்க வைத்து அதன் முகத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லி வந்திருக்கின்றன.

தொடர்மாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை முதல்முறை பாலிகை போடப் போனால் ஒரு தவறு நடக்கும். குசினியில் இருக்கும் அரிசிப் பேணியைத் திறந்து ஒரு பிடி அள்ளுவாள். "அரிசி முளைக்குமே பிள்ளை? நெல்லெல்லோ வேணும்" என்று அம்மம்மா தடுப்பார். அம்மம்மா சொல்வது சரி. பச்சையரிசி முளைக்காது, ஆலையில் தீட்டும்போது முளையம் உதிர்ந்து தவிட்டோடு போய்விடுகிறது. புழுங்கல் நெல்லும் முளைக்காது. உமி இருந்தாலும் உள்ளேயிருக்கும் உயிர் அவிந்துவிட்டது. முளைப்பது முழுநெல், அதுவும் அவிக்காத நெல் மட்டும்.

தானியத்தை எழுப்பும் கை, எழும்பாமல் அடக்கும் கை என்று இரண்டு கைவேலைகளும் தமிழ் வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. முளைகட்டுதல் ஒன்று, புழுக்குதல் மற்றது. இரண்டும் நெல்மணிக்குள் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன என்று தெரியவர இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று.

அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க ஒரு நெல்மணியை நகத்தால் உரித்தால் போதும். உமி கழன்றதும் மெல்லிய தோலோடு அரிசி வரும். சிவப்பரிசியில் சிவப்பு இருப்பது இந்தத் தோலில்தான். தோலுக்குள் ஓரிரு வரிசைக் கலங்கள் தடித்த சுவரோடு அரிசியைப் போர்வைபோல் மூடியிருக்கின்றன. அதன் பெயர் அலுரோன் படை. புரதமும் எண்ணெயும் உயிர்ச்சத்தும் செறிந்த படை அது. அதற்கு உள்ளே வெள்ளையாக இருப்பதெல்லாம் வித்தகவிழையம்: பெரும்பகுதி மாப்பொருள், நூற்றில் ஏழெட்டுப் பங்கு புரதம். அரிசியின் ஒரு முனையில் ஓரமாக, ஊசிமுனையால் கிள்ளி எடுக்கக்கூடிய அளவில், முளையம். நாம் சோறாக உண்ணும் வெள்ளைப் பகுதியில் உயிருள்ள கலம் கிடையாது, அது சேமிப்பு. உயிர் இருப்பது அலுரோன் படையிலும் முளையத்திலும்தான்.

இப்போது சிக்கல் விளங்கும். பசியோடு எழும்பும் முளையம் ஒரு மூலையில் இருக்கிறது. களஞ்சியம் பக்கத்தில் நிறைந்து கிடக்கிறது. ஆனால் மாப்பொருளை அப்படியே விழுங்க முளையத்தால் முடியாது; அதைச் சீனியாக உடைத்துத் தரவேண்டும். உடைக்கிற நொதியம் ஒரு புரதம். உலர்ந்த மணியில் அந்தப் புரதம் போதிய அளவு இல்லை. யாரோ அதைப் புதிதாக உண்டாக்க வேண்டும், அதற்கு யாரோ கட்டளை கொடுக்க வேண்டும்.

மட்டக்களப்பு வயற்காரர் இந்தக் கட்டளையை விஞ்ஞானம் படிக்காமலே கையாண்டவர். சேற்று விதைப்புக்கு விதைநெல்லைச் சாக்கோடு தண்ணீரில் ஒரு பகல் ஒரு இரவு அமிழ்த்தி வைப்பார். பிறகு எடுத்து நீர் வடியவிட்டு, வைக்கோலோ ஈரச்சாக்கோ போட்டு மூடிப் பாரம் வைப்பார். அடுத்த ஒன்றிரண்டு நாளில் மூட்டைக்குள் கைவிட்டால் சூடு தெரியும். நெல் மூச்சுவிடுகிறது என்பதற்கு அந்தச் சூடே சாட்சி. சூடு மிஞ்சினால் முளை வெந்துவிடும் என்பதால் இடையில் அவிழ்த்துக் கிளறி நீர் தெளிக்க வேண்டும். வேர் மணியளவு நீண்டு வருமுன் வயலுக்குக் கொண்டுபோகவும் வேண்டும், பிந்தினால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, வீசும்போது கட்டி கட்டியாக விழும். ஒரு புசல் நெல், ஏறக்குறைய 21 கிலோ, இப்படித்தான் ஒவ்வொரு பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் எழுப்பப்பட்டது. முளைத்த நெல்லை வாயில் போட்டுக் கடித்தால் இனிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இனிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியைக் காசு கொடுத்துக் கேட்டவர்கள் பியர் வடிப்பவர்கள். பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி முளைக்கவிட்டு, சரியான நேரத்தில் சூடேற்றி முளையைக் கொன்றால் கிடைப்பது மோல்ட். முளை பாதியில் நிற்க, அது உண்டாக்கிய நொதியம் மட்டும் மிஞ்சும். அந்த நொதியம் பின்பு வெந்நீர்த் தொட்டியில் மாப்பொருளை இனிப்பாக்கித் தருகிறது. மதுவம் அந்த இனிப்பை மதுவாக்குகிறது. இலங்கையில் பார்லி பயிராவதில்லை. ஆனாலும் நுவரெலியாக் குளிரில் பியர் வடிப்பு 19-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. லயன் போத்தல் இன்றும் 1881 என்ற ஆண்டைச் சுமந்து வருகிறது. மதுவைத் தொடாத வீடுகளுக்கும் மோல்ட் வேறு வழியால் வந்து சேர்ந்தது. மருதானைத் தேநீர்க் கடையில் மாலையில் "ஒரு நெஸ்டமோல்ட்" என்று கேட்பவர் குடிப்பதும் முளைத்த பார்லியின் சாரத்தைத்தான்.

முளைத்த மணியில் மாப்பொருளை உடைக்கும் நொதியம் எங்கே பிறக்கிறது? 1890-இல் ஒஸ்திரியத் தாவரவியலாளர் கொட்லீப் ஹாபர்லாண்ட் இதற்கு ஒரு விடை சொன்னார். 'ரை' என்னும் தானியத்தின் அலுரோன் படையைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து, நொதியத்தைச் சுரப்பது அந்தப் படைதான் என்றார். வெறும் தோலென்று எண்ணியிருந்ததைச் சுரப்பி என்று அவர் சொன்னது அன்றைக்குப் பெரிதாக எடுபடவில்லை. சுரக்கச் சொல்வது யார் என்ற கேள்விக்கும் அவரிடம் விடை இருக்கவில்லை.

விடை வந்த வழி விசித்திரமானது. அது பார்லியிலிருந்து வரவில்லை, பியர்த் தொழிலிலிருந்தும் வரவில்லை. வந்தது நெல்லில் விழுந்த ஒரு நோயிலிருந்து.

ஜப்பானிய உழவர்கள் அந்த நோயை 'பக்கானே' என்றார்கள். 'மடநாற்று' என்று தமிழில் சொல்லலாம். நாற்றங்காலில் மற்ற நாற்றெல்லாம் அடக்கமாக நிற்க, இது மட்டும் வெளிறி, மெலிந்து, தலைகால் தெரியாமல் வளரும். கடைசியில் சாய்ந்து கருகும், அல்லது பதராகும். அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த தாய்வானில் வேலை செய்த எய்ச்சி குரோசாவா, இந்த நோயைத் தரும் பங்கசை ஒரு திரவத்தில் வளர்த்தார். பின்பு பங்கசை வடித்து நீக்கிவிட்டு, திரவத்தை மட்டும் நல்ல நாற்றுக்குக் கொடுத்தார். நாற்று அதேபோல் மடத்தனமாக நீண்டது. அதாவது நாற்றை நீட்டுவது பங்கசு அல்ல, பங்கசு கக்கிய ஏதோ ஒரு பொருள். 1926-இல் அவர் இதை வெளியிட்டார். தோக்கியோவில் தெய்ஜிரோ யபுதா 1935-இல் அந்தப் பொருளுக்குக் கிபரெலின் என்று பெயரிட்டார். 1938-இல் யபுதாவும் யுசுகே சுமிகியும் அதைப் பளிங்காகவே பிரித்துவிட்டார்கள்.

பிறகு யுத்தம். ஜப்பானிய மொழிச் சஞ்சிகைகளில் கிடந்த இந்தச் செய்தி மேல்நாட்டு ஆய்வுகூடங்களைச் சென்றடைய 1950-கள் ஆயிற்று. அதன்பின் வேகம் பிடித்தது. பங்கசு மட்டும் செய்யும் நஞ்சு என்று நினைத்திருந்த பொருள், நோயற்ற தாவரத்துக்குள்ளும் இருந்தது. 1958-இல் ஒருவகை அவரையின் இளவிதைகளிலிருந்து அதை எடுத்துக் காட்டினார்கள். பங்கசு செய்தது, தாவரத்தின் சொந்த ஓமோனை அளவுக்கு மிஞ்சி ஊட்டியது மட்டுமே.

1960-இல் இரண்டு மூலைகளிலிருந்து ஒரே செய்தி வந்தது. ஜப்பானில் ஹருகோரோ யோமோ நொதித்தல் துறைச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் லெஸ்லி பலெக் எழுதினார். ஒருவர் மற்றவரை அறியாமல் இருவரும் பார்லி மணியைக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். முளையம் உள்ள பாதியை நீரில் வைத்தால் உள்ளே இருக்கும் மாவு இளகித் தண்ணீராகும். முளையம் இல்லாத பாதியை எத்தனை நாள் ஊறவைத்தாலும் மாவு மாவாகவே கிடக்கும். அந்த முளையமற்ற பாதிக்கு மிகச் சிறிதளவு கிபரெலின் கொடுத்தால்? முளையம் பக்கத்தில் இருப்பதுபோலவே அது இளகியது.

ஆக, கட்டளை கொடுப்பது முளையம். கட்டளையின் பெயர் கிபரெலின். கேட்டு வேலை செய்வது அலுரோன் படை. ஹாபர்லாண்ட் விட்ட இடத்தை எழுபது ஆண்டுகளின் பின் நிரப்பினார்கள். நெல்லில் இந்தக் கதைக்கு ஒரு சிறு திருத்தம் உண்டு: முதல் நொதியம் முளையத்தை ஒட்டிய கேடயம்போன்ற தகட்டிலிருந்தே சுரக்கிறது, அலுரோன் படை பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது.

ஒரு சந்தேகம் மிஞ்சியது. அந்த நொதியம் உண்மையிலேயே புதிதாகக் கட்டப்படுகிறதா, அல்லது மணிக்குள் ஏற்கெனவே உறங்கிக் கிடந்த புரதம் விழித்துக்கொள்கிறதா? அமெரிக்காவில் ஜோசப் வார்னர் இதைப் பல ஆண்டுகள் துரத்தினார். 1967-இல் அவரும் பிலிப் ஃபில்னரும் செய்த சோதனை எளிய தந்திரம். சாதாரண ஒக்சிசனுக்குப் பதில் எடைகூடிய ஒக்சிசன் உள்ள நீரில் பார்லி அலுரோனை வைத்தார்கள். மணியின் பழைய சேமிப்புப் புரதம் உடையும்போது ஒவ்வொரு அமினோவமிலமும் அந்த நீரிலிருந்து ஒரு பாரமான ஒக்சிசனைப் பிடித்துக்கொள்ளும். அவற்றைக்கொண்டு கட்டிய புரதமும் பாரமாகத்தான் இருக்கும். பழைய புரதம் விழித்தது என்றால் அது இலேசாக இருக்கவேண்டும். அளந்து பார்த்தபோது அமைலேசு என்ற அந்த நொதியம் பாரமாகவே இருந்தது. பழைய புரதத்தை உடைத்து, அந்தச் செங்கல்லை எடுத்துப் புதுப் புரதம் கட்டியிருக்கிறது மணி. ஒரு தாவர ஓமோன் சொல்ல, ஒரு குறிப்பிட்ட புரதம் பிறக்கிறது என்பதற்கு அன்று கிடைத்த மிகத் தெளிவான சான்றுகளில் இது ஒன்று. இன்று உயர்தர உயிரியல் வகுப்புப் பிள்ளை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகும் விடை இது.

பியர்த் தொழில் காத்திருக்கவில்லை. 1960-களிலேயே மோல்ட் களங்களில் பார்லிமேல் கிபரெலின் தெளிக்கத் தொடங்கிவிட்டார்கள். முளைகட்டும் நாட்கள் குறைந்தன. மடநாற்றின் நஞ்சு பியர்க் கணக்கில் இலாபமாக எழுதப்பட்டது.

இந்தியாவில் அதே நொதியம் ஏழைப் பிள்ளையின் கிண்ணத்துக்குப் போனது. கஞ்சியைக் குழந்தை விழுங்கவேண்டுமானால் தண்ணீராகக் காய்ச்ச வேண்டும். தண்ணீராகக் காய்ச்சினால் வயிறு நிறையுமே தவிரச் சத்து இராது. முளைகட்டிக் காயவைத்து அரைத்த தானிய மாவில் ஒரு சிட்டிகையைக் கெட்டிக் கஞ்சியில் போட்டுக் கிளறினால், அமைலேசு மாப்பொருளை வெட்டி, கண்முன்னே கஞ்சி இளகிவிடும். ஒரு கரண்டிக்குள் கூடுதல் தானியம். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், பரோடாவில் தாரா கோபால்தாஸும் 1980-களில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். முளைகட்டிய குரக்கன்மாவில் பிள்ளைக்குக் கூழ் காய்ச்சிய கிழவிகளுக்கு அந்தக் கட்டுரைகளில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது.

எழுப்பும் ஓமோன் ஒன்று இருந்தால் உறங்கவைக்கும் ஓமோனும் இருக்கத்தானே வேண்டும். 1960-களின் நடுவில் பருத்திக்காயிலிருந்தும் மர இலைகளிலிருந்தும் அதைக் கண்டெடுத்தார்கள். அதன் பெயர் அப்சிசிக் அமிலம். கிபரெலின் கொடுத்த அலுரோனுக்கு இதையும் சேர்த்துக் கொடுத்தால் அமைலேசு உண்டாவது நின்றுவிடுகிறது என்று 1967-இல் வார்னரும் மார்ட்டன் கிறிஸ்பீல்ஸும் காட்டினார்கள். கதிர் முற்றும் காலத்தில் மணிக்குள் மேலோங்குவது இந்த அமிலம்தான். சேமிப்புப் புரதத்தைக் கட்டிவைக்கவும், மணி காய்ந்தாலும் சாகாதபடி காக்கும் வேறு புரதங்களை உண்டாக்கவும் அது துணைபுரிகிறது. ஒன்று சேமிக்கச் சொல்கிறது, மற்றது செலவழிக்கச் சொல்கிறது. அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையில் மணி இந்த இரண்டு குரலுக்கும் நடுவில் கிடக்கிறது.

புதுநெல்லை உடனே விதைக்கப்போனால் பல இனங்கள் முளைக்காது; சில கிழமை கிடக்கவேண்டும். வயற்காரருக்கு இது எரிச்சல் தரும் குணம். ஆனால் அந்தக் குணம் குறைந்த நெல் எப்படிப் பழிவாங்கும் என்பது கிழக்கில் தை மாதத்து மழையில் தெரியும். முற்றிய கதிர் சாய்ந்து தண்ணீரில் நாலு நாள் கிடந்தால் தாளில் இருந்தபடியே முளை விட்டுவிடும். அந்த நெல்லைக் குத்தினால் நொறுங்கும். உள்ளே சேமிப்புச் செலவாகத் தொடங்கிவிட்டது.

இனி அடக்கும் கைக்கு வருவோம். யாழ்ப்பாணத்து முற்றத்தில் கிடாரத்தில் நெல் அவிந்த காலம் இன்னும் பலரின் நினைவில் இருக்கிறது. ஊறவைத்த நெல்லை அவித்து, உமி வெடிக்கும் பதம் பார்த்து இறக்கி, பாயில் பரப்பிக் காயவைத்து, பின் உரலில் குத்துவார்கள். முளையமும் அலுரோனும் அந்த வெந்நீரில் இறந்தன. அதாவது புழுங்கல் என்பது முளைகட்டுதலின் நேரெதிர் வேலை. ஆனால் இறக்கும்போது அந்தப் படை ஒரு நன்மை செய்தது: அதிலிருந்த தயமின் என்னும் உயிர்ச்சத்து நீரில் கரைந்து உள்ளே வெள்ளைப் பகுதிக்குள் இறங்கியது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி அரிசியோடேயே தங்கியது.

இதன் பெறுமதி மலாயாவில் வெளிச்சமாயிற்று. கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சடைத்துச் சாகச்செய்யும் ஒரு நோய் அங்கே ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. பெரிபெரி என்ற அதன் பெயரே 'இயலாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. வெள்ளைப் பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் விழுந்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில் வேலைசெய்த தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினார்கள். அவர்கள் உண்டது புழுங்கல். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லெனார்ட் பிரடன் இந்த வேறுபாட்டை 1907-இல் நூலாக எழுதினார். கெட்டுப்போன அரிசியின் நஞ்சுதான் காரணம் என்று அவர் நினைத்தது தவறு. ஹென்றி ஃபிரேசரும் அம்புரோஸ் ஸ்டாண்டனும் வீதி வேலைக்கு வந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெள்ளை அரிசியும் மறுபகுதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வெள்ளை அரிசியின் பின்னாலேயே போனது. குற்றம் அரிசியில் இருந்த ஏதோ ஒன்றிலல்ல, தீட்டும்போது இல்லாமற்போன ஒன்றில் என்று அவர்கள் கண்டார்கள். ஜாவாவில் கோழிகளை வைத்து அதற்கு முன்பே இதே வழியில் நடந்திருந்த கிறிஸ்தியான் ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு வந்தது.

முளையத்தின் கட்டளைக்குச் செவிகொடுக்கும் அதே படையைத்தான் ஆலை, தவிடு என்று பெயர் சொல்லிக் கழற்றி மாட்டுக்குக் கொடுத்தது.

கொழும்பில் அரிசி என்றால் அன்று கப்பலில் வருவது. ஆங்கிலேயர் காலத்து இலங்கை தான் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கியது. பர்மாவிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் மூட்டைகள் துறைமுகத்தில் இறங்கும். செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டை நகரத்தார் அந்த வணிகத்துக்குக் கடன் கொடுத்தவர்கள். பழைய சோனகர் தெருக் கிட்டங்கிகளில் மூட்டை அடுக்கப்படும். தோட்டத் தொழிலாளருக்குக் கூலிக்கணக்கில் அளந்து கொடுத்ததும் இந்த அரிசிதான். 1942-இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் இந்தச் சங்கிலி அறுந்தது. பங்கீட்டு அரிசி வந்தது. சுதந்திரத்தின் பின்னும் அரிசி அரசியலாகவே இருந்தது. 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது ஆகஸ்ட் 12-ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

அதற்கு முந்திய ஆண்டு, குருநாகலுக்கு அப்பால் பத்தலேகொடையில் நெல் இனவிருத்தி நிலையம் தொடங்கியிருந்தது. அங்கிருந்து 1950-களின் கடைசியில் வந்த எச் 4 இலங்கை வயலின் முகத்தை மாற்றியது. அதன் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியாவின் 'மாஸ்'. மற்றது முருங்கைக்காயன்; பெயரைப் பார்த்தாலே ஊர் தெரியும். எச் 4 நல்ல நெல், ஆனால் உயரமானது. உரம் போட்டால் மேலும் உயர்ந்து, கதிர்ப் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும்.

சாயாத நெல்லுக்கு வழி மறுபடியும் தாய்வானிலிருந்துதான் வந்தது. பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தாய்வானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லை இந்தோனேசிய 'பேட்டா'வோடு கலந்து 1966-இல் ஐஆர் 8 என்று வெளியிட்டது. ஆசியா முழுதும் குட்டை நெல் பரவியது. பத்தலேகொடையும் தன் பி.ஜி. வரிசையில் குட்டை இனங்களைக் கொண்டுவந்தது. அந்தக் குட்டைத்தனத்தின் காரணம் 2002-இல்தான் பிடிபட்டது. கிபரெலின் செய்யும் பாதையில் வேலைபார்க்கும் ஒரு மரபணு அந்த நெல்லில் பழுது. தண்டுக்குப் போதிய கிபரெலின் கிடைக்கவில்லை, ஆகவே தண்டு நீளவில்லை. குரோசாவாவின் மடநாற்றில் மிஞ்சிப்போன பொருள் ஐஆர் 8-இன் தண்டில் குறைந்துபோயிருந்தது. அதே மரபணு முளையத்தையும் முடக்கியிருந்தால் விதைநெல்லே முளைத்திராது. ஆனால் நெல்லில் அதே வேலையைச் செய்யும் உடன்பிறந்த மரபணுக்கள் வேறும் உண்டு. மணிக்குள் கட்டளை தடைப்படவில்லை.

கிபரெலின் கலத்துக்குள் எந்தக் காதில் கேட்கிறது என்பது இன்னும் பிந்தித் தெரிந்தது. 2005-இல் ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தில் மியாகோ உவெகுச்சி-தனாகாவும் மகோத்தோ மத்சுவோகாவும் கிபரெலினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தை நெல்லில் கண்டார்கள். கிபரெலின் வந்து ஒட்டியதும் அந்தப் புரதம், வளர்ச்சியை அமுக்கி வைத்திருக்கும் இன்னொரு புரதத்தைப் பிடித்து அழிக்கக் கொடுத்துவிடுகிறது. பூட்டைத் திறப்பதல்ல, பூட்டையே உடைத்துவிடுவது. அதன்பின் அமைலேசு மரபணு பேசத் தொடங்குகிறது.

மருதானை வீட்டுக் கும்பத்தடியில் முளை ஏன் அப்படி வெளிறி நீண்டது என்பதற்கும் இங்கே பாதி விடை இருக்கிறது. வெளிச்சம் இல்லாத இடத்தில் நாற்று பச்சையத்தை உண்டாக்காமல், தன் முழுச் சேமிப்பையும் நீளத்தில் செலவழித்து வெளிச்சத்தைத் தேடுகிறது; அந்த நீட்சியிலும் கிபரெலினுக்குப் பங்கு உண்டு. நவதானியத்தில் இருக்கும் ஒன்பதும் ஒரே வழியில் முளைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பயறும் உளுந்தும் கடலையும் துவரையும் தம் சேமிப்பை வித்திலைக்குள்ளேயே வைத்திருப்பவை. அலுரோனுக்குக் கட்டளை அனுப்பிச் சோறு ஆக்குவிக்கும் முறை நெல்லுக்கும் கோதுமைக்கும் உரியது. நெல் பயறுக்குப் பிந்தி எழும்புவதற்கு உமி முதலாகப் பல காரணம் உண்டு. எப்படியோ, அம்மம்மா மூன்றாம் நாள் நெல்லைப் பார்த்துப் பதறுவதில்லை.

1905-இல் காங்கேசன்துறைக்கும் 1928-இல் மட்டக்களப்புக்கும் பாதை திறந்த நாளிலிருந்து மருதானை மேடையில் ஊர்ச் சாமான்கள் இறங்கிவருகின்றன. மட்டக்களப்பு இரவு வண்டியில் வருபவரின் பையில் இன்றும் இரண்டு பொட்டலம் இருக்கக்கூடும். ஒன்றில் கொழும்புப் பிள்ளைகளுக்கு ஊர்ப் புழுங்கலரிசி. மற்றதில், கலியாண வீட்டுப் பாலிகைக்கென்று அவிக்காமல் எடுத்துவைத்த ஒரு சுண்டு விதைநெல். வண்டி மருதானையில் நிற்கும்போது அவர் இரண்டையும் பிரித்துப் பிடித்துக்கொள்வார். மாறிப்போனால் சட்டியில் ஒன்றும் முளைக்காது.